நாலு முட்டையும் விதி பதினாலும்

ஒரு பறவையைப் பார்ப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், ஏழு என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். போன வருஷம் கேட்டிருந்தால், கேட்டவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பேன். நடுவில் ஒரே ஒரு வருஷம்தான் ஓடியிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடுக்கில், பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடிகிற கடை. சாவி வெட்டும் மிஷின் ஒன்று, ஒரு டப்பா நிறைய அரங்கள், சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். நாள் முழுக்க மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டே வேலை செய்ததில் கண் கெட ஆரம்பித்தது. கண் டாக்டர், “வாரத்துக்கு ஒரு நாளாவது தூரத்துல எதையாவது பாருங்க” என்றார். பார்ப்பதற்குத் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்றால், போய் நின்றேன். சேர்க்கை அவ்வளவுதான். ஊர் எல்லையில், யாரும் பயன்படுத்தாமல் விட்ட பழைய நீரேற்று நிலையம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில். ஒரே ஒரு கம்பிக் கேட். உள்ளே நுழைந்ததும் சரளைக்கல் பரப்பிய மைதானம், அதைத் தாண்டினால் கோரை மண்டிய குட்டை. கேட்டுக்குப் பூட்டு கிடையாது, ஒரு கம்பித் துண்டைச் சுற்றி வைத்திருப்போம். பம்பு அறையின் சுவரில், ஆணியில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்கும். யார் எதைப் பார்த்தாலும் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

அப்போது நாங்கள் நாலு பேர். கணக்கு டீச்சர் ஒருவர். பல் டாக்டர் ஒருவர். டவுன் பஸ் ஓட்டுகிற நண்பர் ஒருவர்; ரகசியம் பேசினால்கூடக் குட்டையின் அக்கரையில் கொக்கு எழும்பும் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். பிறகு நான். நோட்டில் டீச்சர், ‘கொக்கு 6, அதில் ஒன்று நொண்டுகிறது’ என்று எழுதுவார். டாக்டர், ‘மீன்கொத்தி 1, போன வாரம் முறைத்த அதேதான்’ என்று எழுதுவார். ஹாரனின் எழுத்தும் பெரிது. ‘ஆள்காட்டி முட்டை நாலு. இருபத்தெட்டாம் நாள் நாலும் குஞ்சு. டூட்டிக்கு லேட்.’ அது மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருந்தேன்.

இப்படி உருப்படாமல் இருந்த எங்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்காணிப்பாளர் வந்து சேர்ந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகம் என்ன செய்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எல்லோரும் குட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குட்டைக்கு முதுகைக் காட்டி நின்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் இருண்டுகொண்டே போனது.

“இத்தனை வருஷமா நீங்க பறவையைப் பாத்திருக்கீங்க,” என்றார். “பறவையும் உங்களைப் பாத்திருக்கு. நல்ல விஷயம். ஆனா பாத்ததுக்கு என்ன ஆதாரம்? ஒரு பக்கத்துலயாவது முத்திரை இருக்கா? இந்தக் கொக்கு நொண்டுச்சுன்னு யாரு சான்று கொடுத்தது? நாளைக்கே ஒருத்தர் வந்து நொண்டலைன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

அப்படி ஒருவர் வருவார் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்துப் பார்க்காததற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரே மாதத்தில் நாங்கள் ‘இயற்கை நோக்கர் பேரவை, பதிவு செய்யப்பட்டது’ ஆனோம். பதிவு செய்யப்பட்டது என்பதும் பெயரில் சேர்த்தி, போனில் சொன்னாலும் முழுதாகத்தான் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் தலைவர் ஆனார். டீச்சர் செயலாளர். டாக்டரைப் பொருளாளர் ஆக்கினார்கள். பேரவையிடம் பொருள் எதுவும் இல்லாததால் அவர் கையில் ஒரு காலிப் பெட்டியைக் கொடுத்தார்கள். ஹாரனும் நானும் பொதுக்குழு. அடையாள அட்டை உண்டு என்று கேள்விப்பட்டதும் புதிதாக முப்பது பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர்கூடக் குட்டை எந்தப் பக்கம் என்று என்னிடம் இன்னும் கேட்கவில்லை.

விதிகளை டீச்சர் எழுதினார். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒருவன்கூடப் படித்ததில்லை என்ற வருத்தம் அவருக்கு உண்டு. இப்போது அவர் எழுதுவதை முப்பது பேர் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். மனுஷிக்கு உற்சாகம் தாங்கவில்லை, அறுபத்து மூன்று விதிகள் எழுதிவிட்டார். அதில் பதினாலாவதுதான் மகுடம். ‘பேரவை சார்ந்த எந்தப் பார்வையும், பணியும், ஏழு முழு நாட்களுக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பிக்கப்படாமல் நடைபெறாது.’ அதன் கீழே, ‘தலைவரும் இதற்கு விலக்கல்ல’ என்று தலைவரே தன் கையால் சேர்த்தார். சேர்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேர்மை.

பார்வை விண்ணப்பத்தில், பார்க்கப்போகும் பறவையின் பெயரை ஏழு நாள் முன்பே எழுத வேண்டும். ஹாரன், ‘எது வருதோ அது’ என்று எழுதினார். நிராகரித்தார்கள். ‘கொக்கு வந்தால் கொக்கு’ என்று எழுதினார். நிபந்தனை விதித்து விண்ணப்பிக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் புத்திசாலித்தனமாக ‘மீன்கொத்தி’ என்று எழுதி, ஏழு கையெழுத்தும் வாங்கி, குறித்த நாளில் குறித்த இடத்தில் போய் நின்றேன். மீன்கொத்தி வரவில்லை. அதற்குப் பதிலாக, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு பெரிய நாரை, இறக்கையைக் குடைபோல விரித்துக்கொண்டு, பத்தடி தள்ளி வந்து இறங்கியது. மேற்பார்வைக்கு வந்திருந்த உறுப்பினர் என் தோளைத் தட்டி, “சார், அது உங்க பாரத்துல இல்லை” என்றார். நான் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அது கால் மணி நேரம் மீன் பிடித்தது. சத்தம் மட்டும் கேட்டது.

என் மனைவி அரசு மருத்துவமனையில் பதிவுச் சீட்டுக் கவுன்ட்டரில் இருக்கிறாள். தினமும் நானூறு பேரிடம் பெயர், வயது, உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதுகிறவள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிக்கவே மூணு கையெழுத்துதாங்க” என்றாள்.

“இது பதிவு செய்யப்பட்டதும்மா,” என்றேன்.

ஆறாவது மாதம் தலைவர் என் கடைக்கே வந்தார். கேட்டுக்குப் பூட்டுப் போடத் தீர்மானம் ஆகியிருந்தது. “பறவைகளோட பாதுகாப்புக்காக,” என்றார். “சாதாரணப் பூட்டு வேண்டாம். மூணு சாவி. எனக்கு ஒண்ணு, செயலாளருக்கு ஒண்ணு, பொருளாளருக்கு ஒண்ணு. மூணும் சேந்தாத்தான் திறக்கணும். தனி மனுஷன் யாரையும் நம்பக் கூடாது, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முப்பது வருஷமாகத் தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டிக்கொண்டிருப்பவனிடம் ஒருவர் வந்து புதிதாகப் பூட்டு செய் என்கிறார். இருபது நாள் எடுத்துக்கொண்டேன். மூன்று துளை, மூன்று சாவி. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும், மூன்றாவது திரும்பினால்தான் தாழ் விலகும். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. கம்பித் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டிய அன்று, பம்பு அறை நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், ‘தரமற்ற ஆவணம்’ என்று சீட்டு ஒட்டி, தலைவர் வீட்டு பீரோவில் வைத்துவிட்டார்கள். எங்கள் ஒரே ஒழுங்கு அப்படி உள்ளே போனது. நான் பூட்டு மாட்டிய பெருமையில் அதைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. மூன்று பதவிக்காரர்களும் சேர்ந்து ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும்? அப்படியே வந்தாலும் அன்றைக்குக் கூட்டம் இருக்கும்.

பூட்டுக்கு எண்ணெய் போடுவது மட்டும் என் பொறுப்பு. அதற்கு ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம் போதும் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, கம்பி வழியே சரளை மைதானத்தின் நடுவில் ஓர் ஆள்காட்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மஞ்சள் காலும் கண்ணோரச் சிவப்புமாக, ஆளைக் கண்டால் ஊரையே கூட்டுமே, அந்தப் பறவைதான். கூடு கட்டத் தெரியாது, வெறும் கல்லுக்கு நடுவே முட்டையிடும். என்னைக் கண்டதும் கத்திக்கொண்டு எழுந்தது. அது இருந்த இடத்தில் மூன்று முட்டைகள். கூர்ந்து பார்க்காவிட்டால் கல் என்றுதான் சொல்வோம். மறுநாள் எண்ணெய் தேவையே இல்லை, இருந்தாலும் போனேன். நாலு முட்டைகள்.

அன்றைக்கு ஒன்று என்று எண்ண ஆரம்பித்தேன். இருபத்தெட்டாம் நாள் குஞ்சு பொரிக்கும், ஹாரனின் பக்கம் அப்படித்தான் சொன்னது. நாலு மாதமாக எந்தப் பறவையையும் பார்க்காத கண்ணுக்கு அது போதாதா? கடைக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

கடை ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேரவையின் முதலாம் ஆண்டு விழா. மேடையும் பந்தலும்: சரளை மைதானம், நடுப்பகுதி. தேதியை விரல் விட்டு எண்ணினேன். இருபத்தோராம் நாள்.

ஒரு வாரம் இடிக்கிறது.

அன்று சாயங்காலமே, மேடையை வேறு இடத்தில் போடக் கேட்டு, மனைவி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். ‘பறவையைப் பார்க்க அனுமதி பெற்ற நாள்’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். “என்னங்க எழுத?”

“அனுமதி வாங்கலையே. கண்ணுல பட்டுச்சு.”

அவள் அப்படியே எழுதினாள். கண்ணில் படுவதற்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மன்னிப்புக் கடிதம் இணைத்துக் கொடுத்த பிறகு, ஒன்பதாம் நாள் சரிபார்ப்புக் குழு வரும் என்றார்கள்.

குழு என்றால் அதே மூன்று பேர்தான். வரிசையாக நின்று வரிசையாகச் சாவி போட்டார்கள். என் பூட்டு வெண்ணெயாகத் திறந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆள்காட்டி உயரே கிளம்பிச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“பாத்தீங்களா, நம்மளை வரவேற்குது,” என்றார் தலைவர்.

சரிபார்ப்பின் விதி, மூவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தலைவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவார், மூவரும் தரையைப் பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நாலு அடி நகர்ந்து மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் கையை நீட்டினேன்.

“விண்ணப்பதாரர் சுட்டிக்காட்டக் கூடாது,” என்றார் தலைவர். “அது குழுவோட முடிவுல தலையிடுறது.”

“ஐயா, உங்க வலது கால்…”

“பேசவும் கூடாது.”

அவருடைய வலது செருப்புக்கும் முதல் முட்டைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அவர் குதிகாலை அழுத்தித் திரும்பினார். பறவை அவர் தலைக்கு ஒரு முழத்துக்கு மேல் பாய்ந்து பாய்ந்து வந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். டாக்டர் குனிந்து, “எனக்கு ஏதோ கடைவாய்ப் பல்லு மாதிரி தெரியுது,” என்றார். பிறகு, “இல்ல, கல்லு” என்றார். டீச்சர் ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபைலைத் திறந்து அதற்குள் பார்க்க ஆரம்பித்தார்.

அதற்கு மூன்றாம் நாள் தீர்ப்பு தபாலில் வந்தது. ‘ஆள்காட்டிப் பறவை: உண்டு. முட்டை: விண்ணப்பதாரரின் நம்பிக்கை. விழா ஏற்பாடுகளில் மாற்றமில்லை.’ நான் அதைப் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து அழுதேன். சாவி வெட்ட வந்த ஒரு பெண், கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இதற்கிடையில் பேரவையில் பெரிய கொந்தளிப்பு. முட்டைக்காக இல்லை, இலச்சினைக்காக. தலைவருக்குக் கழுகு வேண்டும், டீச்சருக்கு மீன்கொத்தி வேண்டும். பதினோரு கூட்டம் நடந்தது. கழுகு மீன்கொத்தியைப் பார்க்கலாமா, மீன்கொத்தி கழுகைப் பார்க்கலாமா என்று ஒரு துணைக்குழு. கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டு, கை குலுக்கும் இரண்டு கைகளை வைத்தார்கள். பதினைந்தாம் நாள் டீச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். எறிந்தவர் சாவியை எறியவில்லை.

இருபத்தோராம் நாள் விடிந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. ஆறு மணிக்கே கேட்டுக்குப் போனேன், பறவை உட்கார்ந்திருந்தது. ஆறரைக்கு மேடை போடுகிறவர்கள் மரப்பலகையும் இரும்புக் குழாயும் ஏற்றிய வண்டியோடு வந்தார்கள். தலைவரும் டாக்டரும் ஆளுக்கொரு சாவியோடு வந்தார்கள். மூன்றாவது சாவிக்காக டீச்சர் வீட்டுக்குப் போன உறுப்பினர், சாவிக்குப் பதில் ஒரு செய்தியோடு திரும்பினார்.

“ராஜினாமாவை ஏத்துக்கிட்டதா கடிதம் வந்தாத்தான் சாவியை ஒப்படைக்கணும்னு விதி இருக்காம் ஐயா.”

“சரி, கடிதம் கொடுத்துருவோம். யாரு கையெழுத்துப் போடணும்?”

“செயலாளர்.”

“செயலாளர் யாரு?”

“அவங்கதான் ஐயா.”

தலைவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் வானத்தைப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பூட்டுக்காரரே, நீங்கதானே செஞ்சீங்க? சாவி இல்லாமலே திறக்க முடியும்ல?”

முடியும். சட்டைப் பையில் இருக்கும் வளைந்த கம்பி ஒன்று போதும், ஒரு நிமிஷ வேலை. கேட்டுக்கு உள்ளே பறவை கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் ஒரு பெரிய மனிதரை எதிர்த்து நான் பேசியதில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. கைகட்டி நின்று, “முடியுங்க ஐயா. விண்ணப்பம் கொடுத்தீங்கன்னா ஏழு நாள்ல திறந்துடுறேன்” என்றேன்.

“என்னது?”

“விதி பதினாலுங்க. எந்தப் பணியும் ஏழு முழு நாள் முன்னால எழுத்து மூலமா.”

“யோவ், நான் தலைவர்யா!”

“தலைவரும் விலக்கல்லன்னு போட்டிருக்குங்க. உங்க கையெழுத்துதான்.”

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். டாக்டர் தன் சாவியை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பூட்டை உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். பேரவையின் சொத்தைச் சேதப்படுத்தப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும், அதற்கும் ஏழு நாள். மார்க்கெட்டிலிருந்து வேறொரு பூட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து மூன்று துளைகளையும் பார்த்து, விரலால் தடவி, “யாரு வேலை இது?” என்றார். என்னைக் காட்டினார்கள். “அப்ப அவரையே கேட்டுக்குங்க. நான் இதுல கை வைக்க மாட்டேன்,” என்று எழுந்து போய்விட்டார். அந்த மரியாதையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வேறு வழியில்லாமல் தலைவர் அங்கேயே, வண்டியின் பலகை மேல் வைத்து விண்ணப்பம் எழுதினார். நான் வாங்கிக்கொண்டு தேதி போட்டேன். மேடையை ரோட்டில், கேட்டுக்கு வெளியே போட்டார்கள்.

விழா பத்து மணிக்குத் தொடங்கியது. பத்தேகாலுக்கு ஹாரனின் டவுன் பஸ் வந்து மேடைக்கு முன்னால் நின்றது. வழக்கமாகத் தெரு நாய்க்கே நாலு முறை ஹாரன் அடிக்கிறவர், அன்றைக்கு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். நீர்நிலையைச் சுற்றி முந்நூறு அடிக்குள் ஒலி எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறதாம். பயணிகள் இறங்கிக் கேட் பக்கம் நின்றார்கள். தலைவர் பேசினார்.

“நண்பர்களே, ஒரு வருஷத்துக்கு முன்னாடி இங்க கண்டவங்க கண்டபடி உள்ள போய்க் கண்டதைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு நிலைமை என்ன? கடந்த அஞ்சு மாசத்துல ஒரே ஒரு தடவை தவிர, ஒரு மனுஷன்கூட உள்ள போகலை. ஒரு பறவைகூடத் தவறாப் பதிவாகலை. ஏன்னா பதிவே ஆகலை. நூத்திப் பதினெட்டுப் பக்கத்துக்கு ஆண்டறிக்கை தயாரிச்சிருக்கோம். அதுல எங்க தேடினாலும் ஒரு பிழையும் இல்லை, ஒரு பறவையும் இல்லை. இதைவிட இயற்கைக்கு நாம வேற என்ன செஞ்சிட முடியும்?”

கைதட்டல் எழுந்தது. கேட்டருகே நின்ற ஒரு அம்மா, கையில் காய்கறிப் பையோடு, “ஐயோ, அங்க பாரு, கல்லு மேல ஒரு குருவி அடைகாக்குது!” என்றார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கம்பியோரம் கூடிப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்குக் கேட் முதுகுப் பக்கம்.

அன்று சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். சாவியைப் பலகை மேல் வைத்தார், பிறகு எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“தம்பி, நான் அன்னைக்கே பாத்துட்டேன். நாலும் தெரிஞ்சுது.”

“சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“மூணு பேரும் ஒரே நேரத்துல பாக்கணும்னு எழுதினதே நான்தானே. மத்த ரெண்டு பேரும் பாக்கலை. நான் பாத்ததை எந்தக் கட்டத்துல எழுதுறது?” “இன்னும் ஏழு நாள்தானே? சாவி அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்.” அவரும் ஹாரனின் பக்கத்தைப் படித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருபத்தெட்டாம் நாள் காலை எட்டு மணிக்குத் தலைவர் சரியாக வந்தார், டாக்டரோடு. விழா நடந்து முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ஆனால் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விதியில் வழியில்லை, திறந்தே ஆக வேண்டும். என் மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். நான் வளைந்த கம்பியை எடுத்தேன். பூட்டு திறந்தது. கேட் கிறீச்சிட்டது.

ஆள்காட்டி ஒன்றுக்கு இரண்டாகக் கத்தியது, அம்மாவும் அப்பாவும். முட்டைகள் இருந்த இடத்தில் ஓட்டுச் சில்லுகள் மட்டும் கிடந்தன. அப்புறம் சரளைக்கல்லில் ஒன்று நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. பஞ்சும் புள்ளியுமாக, உடம்பைவிட நீளமான கால்களோடு, ஒன்றன் பின் ஒன்றாக நாலு. தலைவரின் செருப்புக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, தடுக்கித் தடுக்கி ஓடிக் குட்டைக் கோரைக்குள் நுழைந்தன. தலைவர் ஃபைலில் திறப்பு நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. அவர் அப்படி அடுத்தவர்களைத்தான் உட்கார வைப்பார்.

தலைவர் நிமிர்ந்து மைதானத்தை ஒரு சுற்று பார்த்தார். “பாத்தீங்களா? ஒண்ணுமில்லை. இதுக்காய்யா அவ்வளவு அமர்க்களம்?” என்று சொல்லிவிட்டு, பாரத்தில் ‘திறப்பின்போது தென்பட்ட உயிரினங்கள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். “நீங்க எதையாவது பாத்தீங்களா?”

“இல்லீங்க ஐயா,” என்றேன். “அனுமதி வாங்கலையே.”

அவர் என்னை மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். வருஷத்தில் முதல் முறையாக ஓர் உறுப்பினர் விதியைப் புரிந்துகொண்டிருக்கிறான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். நான் பூட்டினேன். டாக்டர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வழியில் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள். கடைக்கு வந்து, சாவிகளுக்கு நடுவே ஓர் ஆணியைக் காலி செய்து அதில் மாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, ஆஸ்பத்திரியில் எழுதுகிற அதே கையெழுத்தில் தேதியும் நேரமும் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

“கீழ கையெழுத்து?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“எங்க கவுன்ட்டர்ல இதுக்கு யாரும் கேட்டதில்லைங்க,” என்று சொல்லி நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

‘காலை 8.20. நான்கு. தாயும் பிள்ளைகளும் நலம்.’